ஐந்தாம் சுவையைக் காட்டித் தந்த சாறு

எந்தெந்த உணவுப் பொருளில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்பதை ஜப்பானிய அரசு ஒரு பெரிய அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. அதில் 'தாஷி' என்ற பெயரைத் தேடிப் பார்ப்போம். கடற்பாசியும் உலர்ந்த மீனும் சேர்த்து இறக்கிய தாஷி 100 கிராமில் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 2 கிலோ கலோரி. புரதம் அரைக் கிராம்கூட இல்லை. கொழுப்பு இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். அதே அளவு பசும்பாலில் 60 கிலோ கலோரிக்கு மேல் சக்தியும் 3 கிராம் அளவுக்குப் புரதமும் உண்டு. கணக்குப்படி பார்த்தால் தாஷி என்பது சற்றே நிறம் மாறிய வெந்நீர்தான்!

ஆனால் இந்த 'வெந்நீர்' இல்லாமல் ஜப்பானியரின் சமையல் ஓர் அடி நகராது. காலையில் அருந்தும் மிசோ சூப்புக்கு இதுவே அடிப்படை. நூடுல்ஸ் மிதப்பது இதில்தான். முள்ளங்கியும் சோயாக் கட்டியும் வேகுவது இதில்தான். முட்டையை அடித்துச் சுருட்டிச் சுடும்போதுகூட இதில் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஜப்பானியரின் பாரம்பரிய உணவு முறையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த உணவு முறைக்கு அஸ்திவாரமே இந்தச் சாறுதான்.

சத்து இல்லாத ஒன்று எப்படி ஒரு நாட்டின் உணவுக்கே அஸ்திவாரம் ஆயிற்று? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்த விஞ்ஞானிகள் கடைசியில் மனித நாக்கைப் பற்றிய பாடத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

கடலில் இரண்டாண்டு, புகையில் ஒரு மாதம்

'தாஷி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு 'வெளியே எடுத்தது' என்று பொருள். எதிலிருந்து எடுக்கிறார்கள்? முதலாவது பொருளின் பெயர் கொம்பு. ஆட்டுக் கொம்பையோ மரக் கொம்பையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கடலில் வளரும் ஒரு பழுப்புப் பாசி. குளிர்ந்த நீரில், கடலடிப் பாறைகளைப் பற்றிக்கொண்டு, தோல் வார் போல நீளமாக வளரும். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் கரைகளே இதன் சொந்த ஊர். இயற்கையில் இது முற்றுவதற்கு இரண்டாண்டு ஆகும். கோடையில் படகில் சென்று அறுத்து வந்து, கூழாங்கல் பரப்பிய களத்தில் வெயிலில் காயப் போடுகிறார்கள். காய்ந்த கொம்புவின் மேல் திருநீறு பூசியதுபோல வெண்மை படிந்திருக்கும். அது பூஞ்சணம் அல்ல. மானிட்டால் என்னும் இனிப்புப் பொருள். ஆகவே நல்ல சமையற்காரர் கொம்புவைக் கழுவ மாட்டார். துணியால் மெல்லத் துடைப்பதோடு சரி.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். வெந்நீரில் போட்டதும் தன் சாற்றையெல்லாம் விட்டுவிடும் இந்தப் பாசி, இரண்டாண்டுக் காலம் கடல்நீரிலேயே கிடந்ததே. அப்போது ஏன் சாறு கரைந்து போகவில்லை? உயிருள்ள செல்லின் சவ்வு எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்று காவல் காக்கிறது. பாசியை அறுத்து உலர்த்தும்போது அந்தச் சவ்வு சிதைந்துவிடுகிறது. காவற்காரன் இல்லாத வீட்டில் கதவு திறந்துதானே கிடக்கும்!

இரண்டாவது பொருள் கட்சுவோபுஷி. சூரை மீன் வகையில் ஒன்று, வயிற்றுப்புறத்தில் நீளவாக்கில் கோடுகள் ஓடும் வேகமான மீன். அதை நீளத் துண்டுகளாக அறுத்து, கொதிக்கவிடாமல் சுடுநீரில் ஒரு மணிநேரம், ஒன்றரை மணிநேரம் வேகவைக்கிறார்கள். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். பிறகு கருவாலி போன்ற கடின மரங்களின் விறகுப் புகையில் காட்டுவதும் ஆறவிடுவதுமாக ஒரு மாத காலம் வரை வைக்கிறார்கள். உயர்ந்த வகைக்கு இதோடு முடிவதில்லை. மேற்பரப்பைச் செதுக்கிவிட்டு, ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சணத்தை வேண்டுமென்றே அதன்மேல் வளரவிடுகிறார்கள்! அது உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், கொழுப்பையும் சிதைக்கும். வெயிலில் காயவைத்து, மீண்டும் பூஞ்சணம் படரவிட்டு, மீண்டும் காயவைத்து, இப்படியே பல மாதங்கள். கடைசியில் 5 கிலோ மீனிலிருந்து ஒரு கிலோகூடத் தேறுவதில்லை. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டைச் சத்தம் கேட்கும். கத்தியால் நறுக்க முடியாது. தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டியில் பொருத்தியது போன்ற ஒரு கருவியில் தேய்த்து, மரச்சுருள் போலச் சீவித்தான் எடுக்க வேண்டும்.

தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மாணவர்களும் இலங்கை மாணவர்களும் இந்நேரம் புன்னகை செய்திருப்பார்கள். 'இது நம் மாசிக் கருவாடு அல்லவா?' என்று கேட்பார்கள். ஆம், நெருங்கிய உறவுதான். மாலத்தீவிலும் இலட்சத்தீவின் மினிக்காயிலும் இதே மீனை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தித்தான் மாசி செய்கிறார்கள். பூஞ்சணம் வளர்க்கும் வேலை மட்டும் அங்கே இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாக இருந்த யாத்திரிகர் இபின் பதூதா, அங்கே மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பிவந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இறைச்சியும் எலும்பும் போட்டுச் சூப்பு காய்ச்சாமல் ஜப்பானியர் பாசியையும் மீனையும் நாடியதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. கி.பி. 675-இல் தெம்மு என்ற பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணத் தடை விதித்தார். பௌத்தத்தின் செல்வாக்கு அது. தடை எல்லாக் காலத்திலும் ஒரே கண்டிப்புடன் இருந்ததில்லை என்றாலும், 1872-இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியாகும் வரை இறைச்சி அந்நாட்டுச் சமையலில் பெரிய இடம் பெறவில்லை. பௌத்த மடங்களில் மீனும் கிடையாது. கொம்புவும் உலர்ந்த ஷிடாகே காளானும் கொண்டு தாஷி இறக்கினார்கள்.

இறக்கும் வேலை என்னவோ மிகச் சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்புவை அரைமணி நேரம் ஊறவைத்துச் சிறு தீயில் ஏற்றுகிறார்கள். கொதி வருவதற்குள் கொம்புவை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள ஆல்ஜினிக் அமிலம் போன்ற பொருள்கள் வெளிவந்து சாறு வழவழப்பாகிவிடும். பாசி வாடையும் அடிக்கும். பிறகு சீவிய மீனை 20, 30 கிராம் போட்டு, அடுப்பை அணைத்து, ஓரிரண்டு நிமிடத்தில் வடிகட்டிவிடுகிறார்கள். ஐரோப்பியச் சமையற்காரர் எலும்பைப் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சும் வேலை இங்கே சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கடலில் கழிந்த இரண்டு வருடத்தையும் புகைக் கொட்டகையில் கழிந்த மாதங்களையும் நாம்தான் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

பேராசிரியர் இக்கேதாவின் கேள்வி

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். 1907-ஆம் ஆண்டு. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் கிகுனே இக்கேதா என்ற இரசாயனப் பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியில் புகழ்பெற்ற ஓஸ்ட்வால்டிடம் பயின்று திரும்பியவர். கொம்புவின் சாறு இனிப்பு அல்ல, புளிப்பு அல்ல, உப்பு அல்ல, கசப்பும் அல்ல. ஆனாலும் அதில் தெளிவாக ஒரு சுவை இருக்கிறது. அது என்ன என்பதே அவருடைய கேள்வி. அப்போது மேனாட்டு உடலியல் நூல்கள் இந்த நான்கு சுவைகளை மட்டுமே அடிப்படைச் சுவைகளாக ஏற்றிருந்தன.

இக்கேதா கிலோக்கணக்கில் கொம்புவை வாங்கினார். சாறு இறக்கினார். உப்பைப் படிகமாக்கி நீக்கினார், மானிட்டாலை நீக்கினார், மற்றவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனார். நீக்கிய பின்னும் சுவை மிச்ச நீரிலேயே தங்கியிருந்தது. இறுதியில் கையில் கிடைத்த படிகம் குளூட்டாமிக் அமிலம். இது புதிய பொருளே அல்ல! 1866-இலேயே ரிட்ஹவுசன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்தெடுத்த அமினோ அமிலம்தான். ஆனால் அது அமிலமாக இல்லாமல் உப்பு வடிவில் இருக்கும்போது, அதாவது குளூட்டமேட்டாக இருக்கும்போது, ஒரு தனிச் சுவையைத் தருகிறது என்பதைக் கண்டவர் இக்கேதா. அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 'சுவையாக இருக்கிறது' என்று ஜப்பானியர் அன்றாடம் சொல்லும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

கண்டுபிடிப்பு ஏன் ஜப்பானில் நிகழ்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோழிச் சூப்பிலும் குளூட்டமேட் உண்டு. ஆனால் அதில் வேறு பல அமினோ அமிலங்களும் கொழுப்பும் கலந்து கிடக்கின்றன. கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்பது கடினம். கொம்பு தாஷியிலோ தனித்து நிற்கும் அமினோ அமிலங்களில் பெரும்பகுதி குளூட்டமேட்டும் அஸ்பார்டேட்டும்தான். இயற்கையே பாதி சுத்திகரித்துக் கொடுத்திருந்த சாறு அது.

1908-இல் இக்கேதா காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே குளூட்டமேட்டின் சோடியம் உப்பு 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. இதில் வியாபாரம் மட்டும் இல்லை. சுவை கூடினால் ஏழை மக்களின் எளிய உணவும் நன்றாக இறங்கும், நாட்டின் உடல்நலம் உயரும் என்று அவர் நம்பினார். அதைத் தம் கட்டுரையிலும் எழுதினார். அந்தக் கட்டுரை ஜப்பானிய மொழியில் இருந்தது. 1912-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சர்வதேச இரசாயன மாநாட்டில் ஆங்கிலத்திலும் எடுத்துச் சொன்னார். தக்காளி, பாலாடைக் கட்டி, இறைச்சி ஆகியவற்றில் பொதுவாக ஒரு சுவை இருப்பதைக் கூர்ந்து கவனித்தால் உணரலாம் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், பாடப் புத்தகத்தில் மாற்றம் எதுவும் வரவில்லை. நான்கு சுவைகளின் கலவையாக இருக்கும், அல்லது சுவைகளைத் தூக்கிக் காட்டும் ஏதோ ஒன்றாக இருக்கும் என்பதே பல மேனாட்டாரின் எண்ணம். அவருடைய முதற்கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு விஞ்ஞான இதழில் வெளியானது 2002-ஆம் ஆண்டில்தான் என்றால் நம்புவீர்களா?

ஒன்றும் ஒன்றும் எட்டு

இக்கேதாவின் மாணவர் ஷின்தாரோ கோடாமா 1913-இல் இரண்டாவது பொருளான கட்சுவோபுஷியை ஆராய்ந்தார். அதில் சுவைக்குக் காரணமாக அவர் கண்டது இனோசினேட் என்னும் நியூக்ளியோடைடு.

இது எங்கிருந்து வருகிறது? செல்லின் ஆற்றல் நாணயம் என்று நீங்கள் படித்திருக்கும் ஏ.டி.பி.தான் மூலம். சூரை மீன் ஓயாது விரைந்து நீந்துவது. அதன் தசையில் ஏ.டி.பி. ஏராளம். மீன் இறந்தபின் ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் ஆகிறது. அப்படியே விட்டுவிட்டால் அதுவும் சிதைந்து சுவை கெட்டுவிடும். சரியான நேரத்தில் மீனை வேகவைத்தால் சிதைக்கும் நொதிகள் செயலிழந்து, இனோசினேட் நின்றுவிடுகிறது. நொதி என்ற சொல்லையே அறியாத மீனவர்கள் இதைக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்திருந்தார்கள்.

1950-களின் பிற்பகுதியில் அகிரா குனினாகா என்ற ஆய்வாளர் மூன்றாவதாகக் குவானிலேட் என்பதைக் கண்டார். உலர்ந்த ஷிடாகே காளானின் சுவைக்கு இதுவே காரணம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்றையும் அவர் சொன்னார். குளூட்டமேட்டோடு இந்த நியூக்ளியோடைடுகளில் ஒன்று சேர்ந்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது! குளூட்டமேட்டும் இனோசினேட்டும் சம அளவில் கலந்தால், அதே அளவு குளூட்டமேட் மட்டும் தருவதைப்போல ஏழெட்டு மடங்கு சுவை உணரப்படுகிறது என்று பின்னர் அளந்தார்கள்.

கொம்புவையும் மீனையும் சேர்த்துத் தாஷி இறக்கும் பழக்கத்துக்கு இப்போது காரணம் புரிகிறதல்லவா? மீன் உண்ணாத துறவிகள் கொம்புவோடு காளானைச் சேர்த்ததும் இதே கணக்குத்தான்.

நாக்கில் இது எப்படி நிகழ்கிறது என்பது தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, குளூட்டமேட்டை இனங்கண்டுகொள்ளும் ஏற்பிகள் நாக்கின் சுவை மொட்டுகளில் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உமாமி ஒரு தனிச் சுவைதானா என்ற வாதம் ஏறக்குறைய அத்துடன் ஓய்ந்தது. அவற்றில் முக்கியமான ஏற்பி இரண்டு புரதங்கள் இணைந்தது. பூச்சியைப் பிடித்துண்ணும் வீனஸ் செடியின் இலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்பியின் ஒரு பகுதி அந்த இலை போலவே இரு மடல்களாக இருக்கிறது. குளூட்டமேட் மடல்களின் மூட்டருகே ஆழத்தில் போய் உட்கார, மடல்கள் மூடிக்கொள்கின்றன. நரம்புக்குச் செய்தி போகிறது. இனோசினேட் வாயருகே ஒட்டிக்கொண்டு, மூடிய மடல்கள் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. செய்தி நீடிக்கிறது, வலுக்கிறது. 2008-இல் வெளியான ஆய்வு காட்டிய சித்திரம் இது.

நம் அறுசுவைக் கணக்கோடு இதைப் பொருத்திப் பார்க்க ஆசை வருவது இயற்கை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு நான்கும் இரு கணக்கிலும் உண்டு. கார்ப்பு என்பது வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. துவர்ப்பில் பெரும்பங்கு வாயின் ஈரப்பசை சுருங்கும் தொடு உணர்ச்சி. இவற்றை இன்றைய உடலியல் நாக்கின் அடிப்படைச் சுவைகளில் சேர்ப்பதில்லை. உமாமியோ நம் பட்டியலில் இல்லை. இரு பட்டியல்களும் வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை என்று விட்டுவிடுவதே நியாயம்.

அப்படியானால் உடலுக்கு என்ன பயன்?

இனிப்பு 'இங்கே மாவுச்சத்து இருக்கிறது' என்று உடலுக்கு அறிவிக்கிறது. உமாமி 'இங்கே புரதம் இருக்கிறது' என்று அறிவிப்பதாக உடலியலார் கருதுகிறார்கள். தாய்ப்பாலில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களில் மிகுதியானது குளூட்டமேட்தான். ஆகவே நீங்கள் பிறந்தவுடன் அறிந்த சுவைகளில் இதுவும் ஒன்று. தாஷி செய்வது ஒரு விநோதமான வேலை. புரதமே இல்லாமல் புரதத்தின் அறிவிப்பை மட்டும் கொண்டுவந்து தருகிறது. அந்த அறிவிப்பின் துணையால், வெறுமனே சப்பென்று இருக்கும் சோயாக் கட்டியும் கீரையும் முள்ளங்கியும் எண்ணெய் இல்லாமலேயே விரும்பி உண்ணத்தக்கவை ஆகின்றன. சத்து அவற்றிலிருந்து வருகிறது. அவற்றை வாய்க்குள் அனுப்புவது தாஷி. இக்கேதா எண்ணியதும் இதைத்தானே!

உப்பு விஷயத்திலும் உதவி உண்டு. 1984-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், தெளிந்த சூப்பில் உப்பைக் குறைத்து அதற்கு ஈடாகக் குளூட்டமேட் சேர்த்துக் கொடுத்தபோது, சுவைத்தவர்களுக்கு அது பிடித்தமாகவே இருந்தது. அதற்காக ஜப்பானியர் உப்பைக் குறைவாக உண்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிசோவும் சோயா சாறும் ஊறுகாயும் சேர்ந்து, பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்பு உண்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் கீழே. தாஷியைப் புகழ்வோர் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு சத்தில் மட்டும் தாஷி ஏழையல்ல. அது அயோடின். 1811-இல் பிரெஞ்சுக்காரர் கூர்ட்வா அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில்தான். பெரியவர் ஒருவருக்கு நாள்தோறும் வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். உலர்ந்த கொம்பு ஒரு கிராமிலேயே 2 மில்லிகிராம் அளவுக்கு இருக்கக்கூடும். அதாவது பத்து மடங்குக்கு மேல்! நீரில் எளிதாகக் கரைவதால் அதில் பெரும்பகுதி சாற்றுக்கு வந்துவிடும். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும் என்று படித்திருக்கிறீர்கள். மிகுந்தாலும் வரும். கொம்புவை மிக அதிகமாக உண்டுவந்த ஹொக்கைடோ கடலோர மக்களிடையே அப்படிப்பட்ட கழலை பரவியிருந்ததை 1960-களில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். சாதாரணமாகக் குடிக்கும் சூப்பால் ஜப்பானியருக்குத் தீங்கு வருவதில்லை. ஆனால் 'இயற்கை உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்' என்போரை நம்பி ஏமாற வேண்டாம்.

பொட்டலத்தில் விற்கும் மோனோசோடியம் குளூட்டமேட் பற்றியும் கேட்பீர்கள். 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கடிதம் ஒன்று அதன்மீது சந்தேகத்தைக் கிளப்பியது. பின்னர், எதை உண்கிறோம் என்று உண்பவருக்கே தெரியாதபடி நடத்திய சோதனைகளில் அந்தச் சந்தேகம் உறுதிப்படவில்லை. கொம்புவில் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் ஒரே குளூட்டமேட்தான். தூளில் புகைமணமும் கடல்மணமும் கிடைக்காது என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், அந்த மணத்தில்தான் தாஷியின் பாதி அழகு இருக்கிறது.

அந்தக் கடல்மணத்துக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. ஹொக்கைடோவில் 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு 30,000 டன் அளவில் இருந்த உலர் கொம்பு அறுவடை இன்று பாதிக்கும் கீழே போய்விட்டது. கடல் வெப்பம் ஏறுகிறது. கொம்புவோ குளிர்நீர்ப் பயிர். கடல் முள்ளெலிகள் இளம்பாசியை மேய்ந்துவிடுகின்றன. அறுக்கும் மீனவர்களுக்கும் வயதாகிவிட்டது. இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். தொட்டிகளில் நாற்றுவிட்டுக் கயிற்றில் வளர்த்து ஓராண்டில் அறுக்கும் முறையும் நடைமுறையில் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

கொம்பு கிடைக்காவிட்டால் என்ன? நன்கு பழுத்த தக்காளியில் குளூட்டமேட் உண்டு. மாசியில் இனோசினேட் உண்டு. இரண்டு தக்காளியை நறுக்கி இரண்டு தம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டுங்கள். இரண்டு கரண்டி மாசித் தூளை வேறு பாத்திரத்தில் அதே அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் சூடாக்கி வடிகட்டுங்கள். உப்போ மிளகோ சேர்க்கக்கூடாது. புலால் உண்ணாதவர்களும் மீன் ஒவ்வாதவர்களும் உலர்ந்த காளானை இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, காலையில் சூடாக்கிப் பயன்படுத்தலாம். விளைவு சற்றுக் குறைவாக இருக்கலாம்.

இப்போது மூன்று கிண்ணங்கள். முதலாவதில் தக்காளிச் சாறு, இரண்டாவதில் மாசிச் சாறு, மூன்றாவதில் இரண்டும் பாதிப் பாதி. மூன்றாவது கிண்ணத்தில் ஒவ்வொரு சாறும் பாதியாக நீர்த்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். வெறும் கூட்டல் கணக்கானால் அதன் சுவை மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, மூக்கையும் விரலால் பிடித்துக்கொண்டு, மூன்றையும் ஒரே சூட்டில் சுவைத்து, எது வாயில் நெடுநேரம் நிற்கிறது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இடையே வெறும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். கிண்ணங்களை வரிசை மாற்றி எண்ணிடும் வேலையை ஒரு நண்பரிடம் விடுங்கள். வகுப்பில் பத்துப் பேராவது சுவைத்துக் குறித்து முடிக்கும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது.